வேலி தாண்டும் அலை: வீட்டு வைஃபைக்குப் பூட்டு வந்த கதை

2021. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நேரம். சொறிக்கல்முனையில எங்கட வீட்டு யன்னல் கட்டில ஒரு 4ஜி ரௌட்டர் இருந்தது. சிக்னல் நல்லா வாற இடம் அதுதான். பக்கத்து வளவுப் பெரியம்மாட பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் ஸூம் வகுப்பு. டேட்டா போட்டுக் கட்டாது. பெரியம்மா வந்து கேட்டா, அம்மா உடனே பாஸ்வேர்டைச் சொல்லிக் குடுத்தா. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அது அம்மாட போன் நம்பர்தான். ஊருக்கே தெரியும்.

ஒரு மாதம் 11ஆம் திகதியே டேட்டா முடிஞ்சு போச்சு. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தன். 19 கருவிகள் இணைஞ்சு கிடந்தன. எங்கட வீட்டில நாலு போனும் ஒரு லேப்டொப்பும்தான். மிச்சம் 14? கோபத்தில அந்த இடத்திலேயே பாஸ்வேர்டை மாத்தினன். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அடுத்த நாள் காலமை பெரியம்மாட மகளுக்கு வகுப்பு நடுவில அறுந்து போச்சு. அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பின்னேரம் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வசனம்தான் சொன்னா: "மாத்தப் போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மனே." பிறகு ரெண்டு கிழமை எங்களோட கதைக்கேல்ல.

அந்த ரெண்டு கிழமையிலதான் நான் இந்த விஷயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினன். வைஃபைக்குப் பூட்டு எப்ப வந்தது, யார் செய்தது, ஏன் உடைஞ்சது? வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. எங்கட வேலிச் சண்டைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு.

மந்திரவாதியும் எலிகளும்

1903 ஜூன் 4. லண்டனின் ரோயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபம். ஜோன் அம்புரோஸ் ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி கம்பியில்லாத் தந்தி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தூரத்தில், கோர்ன்வோல் கரையிலிருந்து மார்க்கோனி அனுப்பப்போகும் செய்தியை எல்லோருக்கும் வாங்கிக் காட்டுவதுதான் அன்றைய நிகழ்ச்சி. குறித்த அலைவரிசைக்குச் சுருதி சேர்த்துவிட்டால் மற்றவர்களால் குறுக்கிட முடியாது என்பது மார்க்கோனி தரப்பின் வாதம்.

மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்னமே கருவி தட்டத் தொடங்கியது. மோர்ஸ் குறியீட்டில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: "எலிகள், எலிகள்". அதன்பின் மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள். செய்தவர் நெவில் மஸ்கலின். தொழில்முறை மந்திரவித்தைக்காரர், வயர்லஸ் கருவிகளைத் தானே செய்து பார்த்தவர். மண்டபத்துக்குக் கிட்ட ஓர் இடத்தில் தன் கருவியை வைத்துத் தட்டியிருக்கிறார். ஃப்ளெமிங் கொதித்துப் போய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மஸ்கலினும் பதில் எழுதினார்: ஆம், நான்தான் செய்தேன், இந்த முறை பாதுகாப்பானதல்ல என்று சனங்களுக்குத் தெரியத்தானே வேண்டும் என்ற கருத்தில்.

வயர்லஸ் பாதுகாப்பின் முழுக் கதையும் இந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கு. ஒரு கம்பனி "பத்திரம்" என்று சொல்லும். வெளியிலிருந்து ஒருத்தர் வந்து இல்லை என்று காட்டுவார். கம்பனிக்குக் கோபம் வரும். பிறகு பூட்டு கொஞ்சம் திருந்தும். இதுக்குப் பிறகு நடந்த எல்லாம் இதே ஒழுங்கில்தான் நடந்தது.

அடிப்படைக் காரணம் லேசானது. கம்பி வழியாகப் போவதை எடுக்க ஒருத்தர் வளவுக்குள்ள வரவேணும். அலைக்கு அப்படியில்லை. கிடுகு வேலியோ கல் மதிலோ, அலை இரண்டையும் தாண்டும். அந்தக் காலத்தில் கொழும்பு வானொலியை ஊரெல்லாம் கேட்டதும் இதே இயல்பினால்தான். வானொலிக்கு அது வரம். வீட்டு வைஃபைக்கு அதுவே வில்லங்கம்.

பெயரில மட்டும் கம்பி

1985இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளைத் தனி உரிமம் இல்லாமல் பாவிக்க விட்டது. மைக்ரோவேவ் அடுப்புகள் வேலை செய்யும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையும் அதில் ஒன்று. அந்தத் திறந்த வெளியில்தான் வைஃபை முளைத்தது. 1997இல் ஐ-ட்ரிப்பிள்-ஈ என்ற பொறியியலாளர் அமைப்பு 802.11 என்ற தரத்தை வெளியிட்டது. 1999இல் அதன் வேகமான வடிவம் வந்தது. அதே வருடம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபுக் கணினியில் அதைப் போட்டு விற்கத் தொடங்க, வயர்லஸ் வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்தத் தரத்தோடு சேர்ந்து வந்த பூட்டுக்குப் பெயர் டபிள்யூஈபி. விரித்தால், கம்பி இணைப்புக்கு நிகரான அந்தரங்கம் என்று அர்த்தம். பெயர் பெரிசு, சாமான் பலவீனம். அதுக்கு ரெண்டு காரணம்.

முதலாவது அரசியல். அந்த நாட்களில் பலமான மறைகுறியாக்கத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் தடையாக இருந்தது. ஆகவே தரத்தில் எழுதப்பட்ட ரகசியச் சாவியின் நீளம் வெறும் 40 பிட். பிறகு 104 பிட் ஆக்கினார்கள்.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது, சாவியை நீட்டினாலும் தீராதது. ஒவ்வொரு தகவல் பொதிக்கும் சாவியோடு ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்துப் பூட்டுவார்கள். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. ஆனால் 24 பிட்டில் மொத்தமே சுமார் 1 கோடி 67 இலட்சம் எண்கள்தான். வேலை கூடிய வலையமைப்பில் சில மணித்தியாலத்துக்குள் எண்கள் முடிந்து, பழையவை திரும்பி வரும். எங்கட ஊர்ச் சீட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே சாவியில் ஒரு சின்ன வெட்டை மட்டும் மாத்தி மாத்திக் குடுத்த மாதிரி. போதிய சாவிகளைப் பார்த்தவனுக்கு மூலச் சாவி விளங்கிவிடும்.

2001இல் ஸ்கொட் ஃப்ளூரர், இற்சிக் மாந்தின், ஆடி ஷமீர் என்ற மூன்று பேர் அதைத்தான் எழுதிக் காட்டினார்கள். டபிள்யூஈபிக்கு உள்ளே ஓடிய ஆர்சி4 என்ற முறை, சில வகை எண்களோடு சேரும்போது ரகசியச் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. அதே வருடம் அதைச் செய்யும் இலவச மென்பொருளும் வந்துவிட்டது. காதில் அலையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், சாவி வந்து விழும். 2007இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆக்கினார்கள்.

பூட்டாததுக்கு யார் விலை குடுத்தது?

உடைந்த பூட்டு என்று 2001இலேயே உலகத்துக்குத் தெரியும். ஆனாலும் கடைகள் அதை மாத்தவில்லை. மாத்தினால் காசு செலவு. டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கக் கடைத்தொடர் அவற்றில் ஒன்று. 2005இல் கடைக்கு வெளியே நின்றபடி அதன் வயர்லஸ் வழியாக உள்ளே போன ஒரு குழு, அங்கிருந்து தலைமைக் கணினி வரை போனது. 2007இல் விஷயம் வெளியே வந்தபோது திருட்டுப் போன அட்டை இலக்கங்கள் 4 கோடி 57 இலட்சம். குழுத் தலைவனுக்கு 2010இல் 20 வருடச் சிறை. ஆனால் அட்டையை மாற்றி, வங்கியில் வரிசையில் நின்றது சாதாரண சனம்.

எங்களுக்குக் கிட்ட நடந்த கதை வேறு மாதிரி, அதைவிடப் பயமானது. 2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்புகளுக்குச் சில நிமிடம் முன்னர் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பொலிஸ் அதன் ஐபி முகவரியைத் தேடிப் போனது. போய் நின்ற இடம் நவி மும்பை, சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீடு. இருந்தவர் அங்கு வேலை பார்த்த ஓர் அமெரிக்கர். அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது, யாரோ அதைப் பாவித்துவிட்டுப் போய்விட்டார்கள். கணினியைக் குடுத்து, விசாரணைக்கு முகம் குடுத்து, தான் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்கு.

அதோடு முடியவில்லை. ஓகஸ்டில் அடுத்த மின்னஞ்சல் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டெம்பர் 13 தில்லிக் குண்டுவெடிப்பு அன்று செம்பூரில் ஒரு கம்பனியின் வைஃபையிலிருந்து. 2009 தொடக்கத்தில் மும்பைப் பொலிஸார் கருவிகளோடு தெருத் தெருவாகப் போய்ப் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடினார்கள். பெப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்கும்படி இணைய நிறுவனங்களுக்குக் கட்டளை போட்டது.

இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்ல. ஏனென்றால் எங்கட பக்கத்துக்கு 2019 என்ன மாதிரியான வருடம் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் வெடிச்சத்தம். அதுக்குப் பிறகு கிழமைக் கணக்கில் வீடு வீடாகச் சோதனை. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் இருக்கிற கூட்டாளிமார் வீட்டில் கிடந்த ஒரு அரபுப் புத்தகத்துக்கே விளக்கம் சொல்லப் பயந்த காலம் அது. போனில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தவர்கள் எத்தனை பேர். அந்த நாட்களில் ஒரு ஐபி முகவரி உங்கட வீட்டைக் காட்டியிருந்தால்? "நான் இல்லை, ஆரோ பக்கத்தில இருந்து பாவிச்சிருப்பாங்க" என்று எந்த மொழியில், யாருக்கு விளங்கப்படுத்தியிருப்பீர்கள்? சந்தேகம் ஏற்கெனவே விழுந்து கிடக்கிற சமூகங்களுக்குத் திறந்த வைஃபை இரட்டை ஆபத்து.

இன்றைக்குப் பெரும்பாலான இணையத்தளங்களும் வாட்ஸ்அப் போன்றவையும் தாங்களே தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆகவே பக்கத்து வீட்டார் உங்கட கதையை ஒட்டுக் கேட்பது முன்னைப் போல் லேசில்லை. ஆனால் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கோ அவர் பெயர் மாறாது. பில் வாற பெயருக்குத்தான் கேள்வியும் வரும்.

மூன்று பூட்டுகள்

டபிள்யூஈபி உடைந்த பிறகு அவசரத்துக்கு ஒரு ஒட்டு வேலை நடந்தது. 2003இல் வந்த டபிள்யூபிஏ அது. பழைய கருவிகளை எறியாமல் மென்பொருளை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம் என்பதுக்காக உள்ளே அதே ஆர்சி4ஐ வைத்து, சாவியைப் பொதிக்குப் பொதி மாத்தினார்கள். ஓட்டைக் கூரைக்குத் தறப்பாள் போட்ட மாதிரி. கொஞ்சக் காலம் தாங்கியது.

சரியான பூட்டு 2004இல் வந்த டபிள்யூபிஏ2. ஏஈஎஸ் என்ற மறைகுறியாக்கம் அதன் உயிர். பெல்ஜியத்தின் யோன் டாமன், வின்சென்ட் றைமன் இருவரும் வடிவமைத்து, உலகளாவிய திறந்த போட்டியில் வென்ற முறை அது. 2006 மார்ச்சில் வைஃபை முத்திரைக்கு டபிள்யூபிஏ2 கட்டாயமாக்கப்பட்டது. இன்றும் எங்கட வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

பூட்டுப் பலம்தான், ஆனால் சனங்களுக்கு வசதி வேணுமே. பாஸ்வேர்ட் அடிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்காக டபிள்யூபிஎஸ் என்று ஒன்று வந்தது. ஒரு பொத்தானை அழுத்து, அல்லது ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் 8 இலக்கத்தை அடி. 8 இலக்கம் என்றால் 10 கோடி வழி, யார் அடிச்சுப் பார்ப்பது? 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் அதைக் குடைந்து பார்த்தார். ரௌட்டர் 8 இலக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் நாலு சரியா என்று தனியாகப் பதில் சொல்லுது. அது 10,000 வழி. மிச்ச நாலில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, ஆகவே 1,000 வழி. 10 கோடி என்று நினைத்தது வெறும் 11,000. சில மணித்தியால வேலை.

2017 ஒக்டோபரில் டபிள்யூபிஏ2க்கே ஒரு அடி விழுந்தது. அடித்தவரும் பெல்ஜியத்துக்காரர், லூவன் பல்கலைக்கழகத்தின் மத்தி வான்ஹூஃப். போனும் ரௌட்டரும் முதன்முதல் சந்திக்கும்போது நாலு கட்டமாகக் கைகுலுக்கும். மூன்றாவது கட்டச் செய்தி தொலைந்தால் ரௌட்டர் திருப்பி அனுப்பும். அதை வேண்டுமென்றே திரும்ப வரச் செய்தால், போன் ஏற்கெனவே பாவித்த சாவியையே புதுசு என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். டபிள்யூஈபி செத்த அதே நோய்: ஒரே எண் இரண்டு முறை. மருந்து மென்பொருள் இற்றைப்படுத்தல்தான். போன்களுக்கு அது வந்தது. ஒரு தரமும் இற்றைப்படுத்தாத ரௌட்டர்களும் பழைய போன்களும் அப்படியே கிடக்கின்றன.

2018இல் டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடமே வான்ஹூஃபும் இன்னொருவரும் அதிலும் ஓட்டை காட்ட, அதுவும் அடைக்கப்பட்டது. மஸ்கலின் தொடக்கி வைத்த ஆட்டம் இன்னும் நடக்குது.

அம்மாட போன் நம்பர்

இவ்வளவும் வாசிச்ச பிறகு எங்கட வீட்டுப் பிழை எங்க எண்டு பார்த்தன். பூட்டு டபிள்யூபிஏ2, நல்ல பூட்டு. சாவிதான் நாசம்.

டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டை ரௌட்டரில் நேரே அடித்துப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கைகுலுக்கலை ஒருமுறை காற்றிலிருந்து பதிந்து எடுத்தால் போதும். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் ஆறுதலாகப் பொருத்திப் பார்க்கலாம். இதைத் தாமதமாக்க ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 முறை கணக்குப் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கேம் விளையாடும் ஒரு நல்ல கணினி அட்டை செக்கனுக்குச் சில இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும்.

எங்கட நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கம் பத்து இலக்கம். முதல் ரெண்டும் 07. தெரியாதது எட்டு மட்டும், ஆக மொத்தம் 10 கோடி வழி. செக்கனுக்கு 4 இலட்சம் என்று பிடித்தால் 250 செக்கன். ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிக்கிற நேரம். இலங்கையில இருக்கிற, இனி வரப்போற எல்லாக் கைத்தொலைபேசி இலக்கங்களும் அந்த நேரத்துக்குள்ள முடிஞ்சு போகும். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், மகனின் பெயரோடு 123 எல்லாம் இதே வரிசைதான்.

மாற்று வழி கஷ்டமில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து ஒரு நீளமான பாஸ்வேர்ட். 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம், அது மற்றவனுக்கும் தெரியும். வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பதால் பிரயோசனம் இல்லை, கருவிகள் பேசும்போது பெயர் வெளியே வந்துவிடும். குறித்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியலையும் தெரிந்தவன் ஏமாத்துவான். டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்துங்கள். ரௌட்டரின் உள் பக்கத்துக்குப் போகும் பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு. வாங்கி வந்த நாளில் இருந்த "அட்மின்" இன்னும் அப்படியே இருந்தால், உள்ளே வந்தவர் யாரும் வீட்டுக்காரராகலாம். இற்றைப்படுத்தல் வந்தால் போடுங்கள். டபிள்யூபிஏ3 இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் டபிள்யூபிஏ2இல் ஏஈஎஸ்.

விருந்தாளிக்கு ஒரு கடப்பு

ஆனால் இது முழுதும் பூட்டின் கதை. பெரியம்மாட கதை மிச்சம்.

எங்கட ஊரில் மாரியில் கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போற வழி மறிபட்டுப் போகும். அந்த நாட்களில் அரிசியும் மண்ணெண்ணெயும் வேலிக்கு மேலால கை மாறித்தான் நாங்க வாழ்ந்தம். வைஃபையும் அப்படிப் போன ஒரு சாமான்தான். அம்மா பாஸ்வேர்டைக் குடுத்தது பிழையில்லை. முழு வீட்டுச் சாவியைக் குடுத்ததுதான் பிழை. அதைவிடப் பெரிய பிழை, நான் சொல்லாமல் மாத்தினது.

அநேக ரௌட்டர்களில் விருந்தாளி வலையமைப்பு என்று ஒன்று இருக்கு. வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அதில் வருகிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கணினியும் ரௌட்டரின் உள் பக்கமும் கிடைக்காது. சிலவற்றில் வேகத்தையும் நேரத்தையும் மட்டுப்படுத்தலாம். கடப்பைத் திறந்து முற்றத்தில் கதிரை போட்டு இருத்துகிற மாதிரி. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அதில் போகிறதும் உங்கட பெயரில்தான் போகும். அதனால் அந்தப் பாஸ்வேர்டைத் தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் குடுங்க, மாதத்துக்கு ஒருக்கா மாத்துங்க. மாத்த முதல் சொல்லுங்க.

மூன்றாவது கிழமை ஒரு துண்டில் புதுப் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனன். வகுப்பு நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும், மற்ற ஆக்களுக்குச் சொல்ல வேண்டாம், ஏன் எண்டா இது இது காரணம் எண்டு இருந்து விளங்கப்படுத்தினன். குண்டுவெடிப்புக் கதையையும் சொன்னன். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா துண்டை மடிச்சுச் சேலைத் தலைப்பில முடிஞ்சா.

"இத முதலே சொல்லியிருந்தா நானே ஒருத்தருக்கும் குடுத்திருக்க மாட்டன்தானே மனே" என்டா.

அந்த மாதம் டேட்டா 29ஆம் திகதி வரைக்கும் வந்தது.